லெப்டொப்ல ரெண்டு கெலக்ஸி: சொந்தக் கோடா, கெட்ஜெட்டா, ரெடிமேட் டேட்டாவா?

கம்பஸ்ல பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள், வந்தாறுமூலையோ சம்மாந்துறையோ, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நெருங்கினா கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு. "சேர், ரெண்டு கெலக்ஸி கிட்ட வந்து ஒண்ட ஒண்டு இழுத்து வால் விடுறத கொம்பியூட்டர்ல செய்து பாக்கணும், எதால செய்யிற?" ஏஎல்ல என்னட்டப் படிச்சிட்டுப் போன ஆக்கள்தான் கூடக் கேக்கிற. அவங்கட கையில இருக்கிறது 8 ஜிபி ரேம் லெப்டொப் ஒண்டு, ஃபோன் ஹொட்ஸ்பொட்ல வாற நெட், நாலஞ்சு மாச டைம், அவ்வளவுதான். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா மெசேஜ் போடுறதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன், தேவையான ஆக்கள் வாசிச்சி முடிவெடுங்க.

என்ட முடிவ முதல்லயே சொல்லிர்றன். வாலும் பாலமும் சுருள்கையும் எப்பிடி உண்டாகுது எண்டதுதான் உங்கட கேள்வி எண்டா, நீங்களே பைதன்ல எழுதுற ரெஸ்ட்ரிக்டட் த்ரீ-பொடி கோட்தான் (ரெண்டு நடு மட்டும் இழுக்கும், மற்றதெல்லாம் இழுபட மட்டும் செய்யும்) சரி. ரெண்டும் எப்ப ஒண்டாச் சேரும், சேந்து எப்பிடிப்பட்ட கெலக்ஸியா மாறும் எண்டு கேட்டா கெட்ஜெட் எண்ட ரெடிமேட் கோட் மாதிரி, எல்லாப் பார்ட்டிக்கிளும் ஒண்ட ஒண்டு இழுக்கிற முழு என்-பொடி கோட் இல்லாம ஏலாது. பிரபஞ்சத்தில இப்பிடியான ஜோடிகள் எவ்வளவு, எந்தெந்த விதம் எண்டு கணக்கெடுக்கிறதுக்கு ஐலஸ்ட்ரிஸ் டிஎன்ஜி போல ஏற்கனவே ஓட்டி வெச்ச டேட்டா இருக்கு. ப்ரவுசர்லயும் கேம் மாதிரியும் ஓடுற ரெடிமேட் சாமான்கள் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு நல்லம், ப்ராஜெக்ட்டுக்குக் காணாது. இதில என்ட மனசு முழுக்க முதலாவதுலதான் நிக்குது, அதனால அதப்பத்தித்தான் கூடக் கதைப்பன்.

முதல்ல பௌதிகத்த ஒள்ளுப்பம் பாத்திட்டு வருவம், ஏனெண்டா எதத் தெரிவு செய்யிறது எண்ட விசயம் இதிலதான் தங்கியிருக்கு. சந்திரன் நம்மட கடல இழுக்கிறதும் ஒரு கெலக்ஸி மற்றக் கெலக்ஸிய இழுக்கிறதும் ஒரே கணக்குத்தான். கிட்ட இருக்கிற பக்கத்தக் கூட இழுக்குது, நடுவக் கொஞ்சம் குறைய இழுக்குது, தூரப் பக்கத்த இன்னும் குறைய இழுக்குது, அந்த வித்தியாசம்தான் வற்றுப்பெருக்கு விசை. அதால உருண்டையா இருந்தது ரெண்டு பக்கமும் நீளும். விசை ஈர்ப்பு மாதிரி தூரத்தின்ட வர்க்கத்துக்குக் குறையிறதில்ல, கனத்துக்குக் குறையுது, அதாவது தூரத்தப் பாதியாக்கினா வற்றுப்பெருக்கு 8 மடங்கு கூடும். நம்மட பக்கக் கடல்ல வற்றுப்பெருக்கு பெரிசாத் தெரியாது, ஆனா ஒரு கெலக்ஸிய அதின்ட ஆரத்தைப் போல ரெண்டு மூண்டு மடங்கு தூரத்தில இன்னொரு கெலக்ஸி தாண்டிப் போனா டிஸ்க்கின்ட, அதாவது நட்சத்திரங்கள் சுத்துற தட்டையான தட்டின்ட, வெளிவிளிம்பு அப்பிடியே கழண்டு போகும். கிட்டப் பக்கத்தால கழண்டது மற்றக் கெலக்ஸிய நோக்கிப் பாலமா நீளும், தூரப் பக்கத்தால கழண்டது எதிர்த்திசையில வாலாப் போகும். ஒரே சந்திப்பில ரெண்டும் வாறது இதாலதான்.

இதெல்லாம் எங்கயோ கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால நடக்கிற கதை எண்டு நினைக்க வேணாம். பெரிய மெகல்லன் முகில் நம்மட பக்கத்தில இருந்தே தெரியும். மட்டக்களப்பு கிட்டத்தட்ட வடக்கு 7.7 பாகையில கிடக்கு, அந்த முகில் வானத்தில தெற்கு 70 பாகைக்குக் கிட்ட, அப்ப நேர் தெற்கில வாற நேரம் அடிவானத்தில இருந்து 12 பாகை சொச்சம் உயரத்தில நிக்கும். மாரி மழை விட்டு பெப்ரவரி தொடக்கத்தில ராவு எட்டு மணி போல பாத்தா சரியா தெற்கில இருக்கும், லைட் இல்லாத வயல்வெளிப் பக்கம், அம்பாறையில உள்ளுக்குப் போனா இன்னும் வடிவு, மங்கலா ஒரு வெள்ளைத் திட்டு மாதிரி. சின்ன முகில் இன்னும் பதிவா, 10 பாகைக்கும் குறைவா நிக்கிறதால கஸ்டம். இந்த ரெண்டும் முறையே 160,000, 200,000 ஒளியாண்டு தூரத்தில இருக்கிற சின்னக் கெலக்ஸிகள். ஒண்ட ஒண்டு இழுத்ததில நடுவால வாயுப் பாலம் ஒண்டு போகுது, பின்னால வானத்தில 100 பாகைக்கு மேல நீளுற ஹைட்ரஜன் ஓடை ஒண்டும் கிடக்கு, ரேடியோத் தொலைநோக்கியிலதான் அது தெரியும். நம்மட தெற்கு வானத்திலேயே இந்தப் பாடம் தொங்குது, அதனால ப்ராஜெக்ட்டுக்கு ஜோடி தேடுற ஆக்கள் இதையும் மனசில வெச்சிக்கொள்ளுங்க, ஆனா இதில ஒரு சிக்கல் இருக்கு, அதுக்குப் பிறகு வாறன்.

இந்த வேலை கொம்பியூட்டருக்கு முந்தியே தொடங்கிட்டு. 1941ல ஸ்வீடன் நாட்டு எரிக் ஹோம்பெர்க் ஒரு கெலக்ஸிக்கு 37 பல்ப் வீதம் 74 பல்ப மேசையில அடுக்கி, வெளிச்சமும் ஈர்ப்பு மாதிரியே தூர வர்க்கத்துக்குக் குறையுது எண்டதப் பிடிச்சி, ஒவ்வொரு இடத்திலயும் வெளிச்சத்த அளந்து அதையே ஈர்ப்பா எடுத்து பல்ப ஒவ்வொண்டா நகத்தினார். கைக்கணக்கா என்-பொடி செய்த மனுசன் அவர். மறுகா 1966ல ஹால்டன் ஆர்ப் 338 விசித்திரக் கெலக்ஸிகள்ட படத்த ஒரு அட்லஸா வெளியிட்டார், அதில பாத்தா நூல் மாதிரி மெல்லிய வால்கள், பாலங்கள். இவ்வளவு மெலிஞ்ச வடிவத்த வற்றுப்பெருக்கு விசை செய்யாது, வேற ஏதோ காந்தப்புலம் கீந்தப்புலம் எண்டு நினைச்ச ஆக்களும் இருந்தாங்க. 1972ல அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஆலார் டூம்ரே, ஜூரி டூம்ரே, ஒரு பேப்பர்ல அந்தச் சந்தேகத்தத் தீத்து வெச்சாங்க. அவங்க பாவிச்ச முறையத்தான் நான் உங்களுக்குச் சொல்லப் போறன். அரை நூற்றாண்டு பழசு எண்டு தள்ளிப் போடாதீங்க.

முறை என்னெண்டா இதுதான். ஒவ்வொரு கெலக்ஸியின்ட முழுத் திணிவையும் அதின்ட நடுவில ஒரே புள்ளியா வைக்கிறீங்க. அந்த ரெண்டு புள்ளியும் ஒண்ட ஒண்டு சுத்திப் போறது ஏஎல் பிள்ளைக்கே விளங்கிற கணக்கு. நட்சத்திரங்களுக்குப் பதிலா நடுவச் சுத்தி வட்டம் வட்டமா திணிவே இல்லாத பார்ட்டிக்கிள்கள வைக்கிறீங்க. அதுகள் ரெண்டு நடுவாலயும் இழுபடும், ஆனா ஒண்ட ஒண்டு இழுக்காது, நடுவையும் இழுக்காது. ஒரு ஸ்டெப்புக்கு ஒரு பார்ட்டிக்கிளுக்கு ரெண்டே ரெண்டு விசை கணக்கிட்டாப் போதும். 10,000 பார்ட்டிக்கிள் எண்டாலும் பைதன்ட நம்பை லைப்ரரியில ஒரு அரேயாப் போட்டா ஒரே வரியில முடியும், ஒரு முழு ரன் தேத்தண்ணி ஊத்துற நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

அலகு விசயத்தில நிறையப் பேர் தடுமாறுறாங்க, அதனால இதக் கவனமாக் குறிச்சிக்கொள்ளுங்க. தூரம் கிலோபார்செக் (ஒண்டு 3,260 ஒளியாண்டு போல), வேகம் செக்கனுக்குக் கிலோமீட்டர், திணிவு சூரியத் திணிவு எண்டு வெச்சா ஈர்ப்பு மாறிலி 4.30 × 10⁻⁶, நேர அலகு ஒண்டு தானா 97.8 கோடி வருஷமா வரும். கெலக்ஸித் திணிவ 10¹¹ சூரியன் எண்டு எடுங்க. 10 கிலோபார்செக்ல இருக்கிற பார்ட்டிக்கிளுக்கு வட்டமாச் சுத்துற வேகம் 207, ஒரு சுத்துக்கு 30 கோடி வருஷம் போல. இதே திணிவுள்ள இன்னொரு கெலக்ஸி பரவளைவுப் பாதையில வந்து ஆகக் கிட்டின தூரம் 25 கிலோபார்செக் எண்டு வைப்பம், அந்த இடத்தில அதின்ட சார்பு வேகம் 262. இப்ப கோண வேகத்தப் பாருங்க. வாற கெலக்ஸி 262 ஐ 25 ஆல பிரிச்சா 10.5. டிஸ்க்ல 15 கிலோபார்செக் வட்டத்தில சுத்துற பார்ட்டிக்கிள் 169 ஐ 15 ஆல பிரிச்சா 11.3. கிட்டத்தட்ட ஒண்டு! ரெண்டும் ஒரே திசையில சுத்தினா அந்த வட்டத்தில இருக்கிற பார்ட்டிக்கிளும் வாற கெலக்ஸியும் கொஞ்ச நேரத்துக்கு ஒண்டுக்கு நேரே ஒண்டு நிக்கிற மாதிரி போகும். ஓடுற பஸ்ஸுக்குப் பக்கத்தில அதே வேகத்தில மோட்டசைக்கிள்ல போனா யன்னலால பார்சல் ஒண்ட ஆறுதலாக் குடுக்கலாம், எதிர்த்திசையில வாற பஸ்ஸுக்கு அது நடக்காது. அதே கதைதான் இஞ்சயும். ஒரே திசை எண்டா இழுவை ஒரு பக்கமா நிண்டு நீண்ட நேரம் வேலை செய்து பார்ட்டிக்கிளக் கழட்டி வாலா நீட்டும். எதிர்த்திசை எண்டா சார்புக் கோண வேகம் 11.3 உம் 10.5 உம் கூட்டி 21.8 ஆயிரும், இழுவை அங்கயும் இஞ்சயும் மாறி மாறி வந்து ஒண்டை ஒண்டு வெட்டிரும், டிஸ்க் கொஞ்சம் ஆடிட்டு அப்பிடியே கிடக்கும்.

இதக் காகிதத்தில கணக்குப் பாத்து, மறுகா உங்கட கோட்ல 15 கிலோபார்செக் வட்டம் மட்டும் பிரிஞ்சி ஒரு பக்கம் பாலமாவும் மறுபக்கம் வாலாவும் போறதையும் உள்வட்டங்கள் பெரிசா அசையாம நிக்கிறதையும் கண்ணால பாக்கணும். வட்டத்துக்கு ஒரு நிறம் குடுங்க, அப்பதான் எந்த வட்டத்தில இருந்து எது வந்த எண்டு தெரியும். கெட்ஜெட்ல ஒரு கோடி பார்ட்டிக்கிள் போட்டு எடுத்த வீடியோவில கூட இந்தக் காரணம் இவ்வளவு துலக்கமாத் தெரியாது, அதில எல்லாம் ஒண்டாக் கலங்கிப் போகும்.

அடுத்தது எண்ணிக்கை. என்ட முழு வாதமும் இதிலதான் நிக்குது. ஒரு ஜோடி கெலக்ஸியப் படத்தில பாத்து அது மாதிரி செய்யணும் எண்டா உங்களுக்குத் தெரியாத விசயங்கள் எத்தின எண்டு யோசியுங்க. திணிவு விகிதம், கிட்டின தூரம், பாதையின்ட வடிவம், ரெண்டு டிஸ்க்கும் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ஞ்சி இருக்கு, இப்ப சந்திப்பு முடிஞ்சி எவ்வளவு காலம், நாம எந்தப் பக்கத்தில இருந்து பாக்கிறம். பத்துக்கு மேல போகும். இதுகள ஒண்டொண்டா மாத்திப் பாக்கணும் எண்டா நூறு இல்ல ஆயிரக்கணக்கில ரன் வேணும். ரெஸ்ட்ரிக்டட் கோட்ல அது ஒரு ராவு வேலை, என்-பொடியில அது உங்கட லெப்டொப்புக்கு ஒரு நாளும் முடியாத வேலை. கெலக்ஸி சூ மேர்ஜர்ஸ் எண்டு ஒரு திட்டம் இருந்தது, சாதாரண சனங்கள் சிமுலேசன் படத்தையும் உண்மையான படத்தையும் பக்கத்தில வெச்சிப் பாத்து எது ஒத்து வருது எண்டு தெரிவு செய்யிற வேலை, அப்பிடி 62 ஜோடிக்கு மொடல் எடுத்தாங்க. அதுக்குப் பின்னால ஓடினதும் ஜேஸ்பேம் எண்ட ரெஸ்ட்ரிக்டட் கோட்தான். அந்தக் கோட் இப்ப எல்லாருக்கும் திறந்து கிடக்கு, உங்கட கோட் சரியா எண்டு ஒப்பிட்டுப் பாக்க நல்ல சாமான்.

குறையச் சொல்லாம விட்டா அது நேர்மையில்ல. முதலாவது, கெலக்ஸிய ஒரே புள்ளியா வைக்கிறது உண்மைக்கு ஒத்து வராது. வெளிய போகப் போக வேகம் குறையணும் எண்டு புள்ளித் திணிவு சொல்லும், ஆனா 1970ல வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அன்ட்ரொமீடாவில அளந்ததில இருந்து வேகம் குறையாம மட்டமாப் போகுது எண்டு தெரியும். இதுக்கு வழி இருக்கு, புள்ளிக்குப் பதிலா டார்க் மேட்டர் ஹேலோவின்ட (கெலக்ஸியச் சுத்திக் கிடக்கிற, கண்ணுக்குத் தெரியாத திணிவு) ஈர்ப்பு ஃபோர்முலா ஒண்டப் போடுங்க, கோட்ல மாத்த வேண்டியது ஒரு ஃபங்ஷன்தான். அத நீங்களா எழுத விருப்பமில்லாட்டி கேல்பை, காலா எண்டு ரெண்டு பைதன் லைப்ரரி இருக்கு, ரெண்டிலயும் ஹேலோ வகைகள் ரெடியாக் கிடக்கு. ஹேலோவ ஆழமாக்கினா வால் கட்டையாகும், அதுவே ஒரு அருமையான ப்ராஜெக்ட் கேள்வி, 1996ல டுபின்ஸ்கி, மிஹோஸ், ஹெர்ன்குவிஸ்ட் மூண்டு பேரும் அதைத்தான் ஆராய்ஞ்சாங்க.

ரெண்டாவது குறை பெரிசு, இதுக்குத்தான் கெட்ஜெட் தேவைப்படுது. ரெஸ்ட்ரிக்டட் கோட்ல ரெண்டு கெலக்ஸியும் ஒரு நாளும் சேராது. பரவளைவுப் பாதையில வந்தது அப்பிடியே போயிரும், நீள்வட்டத்தில வந்தது அதே நீள்வட்டத்தில காலகாலத்துக்கும் சுத்தும். உண்மையில வாற கெலக்ஸி மற்றதின்ட ஹேலோவுக்குள்ளால போற நேரம் டார்க் மேட்டரத் தனக்குப் பின்னால கூட்டிக் குவிக்கும், அந்தக் குவியல் அதைப் பின்னுக்கு இழுக்கும், வேகம் குறையும், அடுத்த சுத்தில இன்னும் கிட்ட வரும், கடைசியில விழுந்திரும். 1943ல சந்திரசேகர் எழுதின டைனமிக்கல் ஃப்ரிக்ஷன், அதாவது ஈர்ப்பால வாற உராய்வு, இதுதான். பார்ட்டிக்கிளுக்குத் திணிவே இல்லாத கோட்ல இது வாறதுக்கு வழியே இல்ல. அதனால முதல் சந்திப்பும் அதுக்குப் பிறகு கொஞ்சக் காலமும் வரைக்கும் ரெஸ்ட்ரிக்டட் கோட நம்பலாம், ரெண்டாம் சந்திப்புக்குப் பிறகு அது சொல்லுறத எழுதவே கூடாது. ரிப்போர்ட்ல இந்த எல்லைய உங்கட வாயாலேயே எழுதுங்க, எக்ஸாமினர் கேக்க முந்தி.

இப்ப முழு என்-பொடி. எல்லாப் பார்ட்டிக்கிளுக்கும் திணிவு இருக்கு, எல்லாம் எல்லாத்தையும் இழுக்கும். நம்பையில நேரடியா எழுதலாம் எண்டு நினைச்சித் தொடங்கிற ஆக்களுக்கு ஒரு கணக்கு: 5,000 பார்ட்டிக்கிள் எண்டா ஜோடி 2.5 கோடி, ஒரு அரேக்கு 200 எம்பி, எக்ஸ் வை இசட் தூரம் எண்டு நாலு அரே வந்தா 800 எம்பி, 8 ஜிபி லெப்டொப் தாங்கும். 60,000 பார்ட்டிக்கிள் எண்டா ஜோடி 360 கோடி, ஒரே ஒரு அரேக்கு 28.8 ஜிபி, கதை முடிஞ்சிது. இதுக்குத்தான் 1986ல ஜோஷ் பார்ன்ஸும் பியட் ஹட்டும் ட்ரீ முறையக் கொண்டு வந்தாங்க, தூரத்தில இருக்கிற கூட்டத்த ஒரே உருப்படியா எடுத்துக் கணக்குப் பாக்கிறது, ஒரு பார்ட்டிக்கிளுக்கு அறுபதாயிரம் கணக்குக்குப் பதிலா சில நூறோட முடியும். கெட்ஜெட் அந்த வழியில வந்த கோட், ஃபோல்கர் ஸ்ப்ரிங்கல் எழுதினது, ரெண்டாம் வேர்ஷன் 2005ல, நாலாம் வேர்ஷன்ட பேப்பர் 2021ல.

கெட்ஜெட்-2 ஓட சேந்து வாற உதாரணங்கள்ல ஒண்டே ரெண்டு டிஸ்க் கெலக்ஸி மோதுறதுதான், ரெண்டு கெலக்ஸிக்கும் மொத்தமா டிஸ்க்குக்கு 20,000, ஹேலோவுக்கு 40,000 பார்ட்டிக்கிள். நாலு கோர் லெப்டொப்ல ஒரு ராவுக்குள்ள ஓடக்கூடியதுதான். ஓடும், சேரும், வீடியோ வரும், வீட்டாக்களுக்குக் காட்டிச் சந்தோசப்படலாம், அதில ஒரு பிழையும் இல்ல. கஸ்டம் அதுக்குப் பிறகுதான் வாறது. உங்களுக்கு விருப்பமான திணிவும் ஹேலோவும் உள்ள கெலக்ஸிய நீங்களே செய்யணும் எண்டு வந்தா, நட்சத்திரங்களுக்கு இடமும் வேகமும் ஒழுங்காக் குடுக்கணும், வேகம் ஒள்ளுப்பம் பிழைச்சாலும் மற்றக் கெலக்ஸி கிட்ட வர முந்தியே டிஸ்க் தானாச் சுருங்கி, வீங்கி, நடுவில தடி போல பார் உண்டாகி, நீங்க அத வற்றுப்பெருக்கால வந்தது எண்டு எழுதிப் போடுவீங்க. ஒரு டிஸ்க் தன்ட ஈர்ப்பால குலையாம நிக்க நட்சத்திரங்களுக்கு எவ்வளவு தாறுமாறான வேகம் வேணும் எண்டு 1964ல கண்டுபிடிச்சதும் அதே ஆலார் டூம்ரேதான், இண்டைக்கும் அத அவர்ட பேரிலதான் சொல்லுறது. கெலக்ஸி செய்யிறதுக்கு கேல்ஐசி எண்ட கோட் இருக்கு, அதையும் கம்பைல் பண்ணணும். ஹேலோ பார்ட்டிக்கிள் கொஞ்சம் எண்டா ஒவ்வொண்டும் கனமா இருக்கும், அதுகள் டிஸ்க்குக்குள்ளால போய்ப் போய் டிஸ்க்க ஊதிப்போடும், கூட்டினா நேரம் கூடும்.

இன்ஸ்டோல் விசயத்தையும் சொல்லணும். இது லினக்ஸ் சாமான், விண்டோஸ் எண்டா டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற வழி) போட்டு அதுக்குள்ள எம்பிஐ, ஜிஎஸ்எல், எச்டிஎஃப்-5 எண்ட லைப்ரரி எல்லாம் போடணும். கெட்ஜெட்-2 பழைய எஃப்எஃப்டிடபிள்யூ 2 லைப்ரரியக் கேக்கும், ஆனா மோதல் உதாரணத்துக்கு மெஷ் (இடத்தக் கட்டம் கட்டமாப் பிரிச்சி ஈர்ப்பக் கணக்கிடுறது) தேவையில்ல, மேக்ஃபைல்ல பிஎம்கிரிட்ட மூடிட்டா அது இல்லாமலே கம்பைல் ஆகும், இது தெரியாம கிழமைக்கணக்கா மாரடிக்கிற ஆக்கள் இருக்காங்க. மாரி காலத்தில கரண்ட் போற ஊர்ல இருக்கிற நமக்கு அதில ஒரு நல்ல விசயம், ரீஸ்டார்ட் ஃபைல் எழுதும், விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம். சொந்தக் கோட் எழுதிறாக்களும் 100 ஸ்டெப்புக்கு ஒருக்கா ஹார்ட் டிஸ்க்ல சேவ் பண்ணுற பழக்கத்தப் பிடிச்சிக்கொள்ளுங்க. நெட்டால கூகுள்ட கொம்பியூட்டர்ல பைதன் ஓட்டுற கூகுள் கொலாப் ஃப்ரீயா இருக்கு தான், நெட் விட்டுப்போனா செஷன் போகும், 12 மணித்தியாலத்துக்கு மேல விடாது, ரெஸ்ட்ரிக்டட் கோடுக்கு தாராளமாக் காணும், நீளமான என்-பொடி ரன்னுக்கு நான் அத நம்ப மாட்டன்.

ரெடிமேட் டேட்டாப் பக்கம் வாறன். ஐலஸ்ட்ரிஸ் டிஎன்ஜி எண்டது பிரபஞ்சத்தின்ட ஒரு பெட்டித் துண்ட ஆரம்பத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் வாயு, நட்சத்திரம், கருந்துளை எல்லாத்தோடயும் ஓட்டின சிமுலேசன், 2018 டிசம்பர்ல டேட்டாவ எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, ஆக நுணுக்கமான டிஎன்ஜி-50 2021ல வந்தது. ரெஜிஸ்டர் பண்ண காசில்ல. முழு ஸ்னப்ஷொட் (ஒரு நேரத்தில எல்லாம் எங்க இருந்த எண்ட பதிவு) டெராபைட் கணக்கு, அத டவுன்லோட் பண்ணுற எண்ணத்த விட்டுருங்க, ப்ரவுசர்லயே பைதன் எழுதுற அவங்கட ஜூப்பிட்டர் சேவையில அங்கயே கோட் ஓட்டலாம், இல்லாட்டி ஒரு கெலக்ஸிய மட்டும் வெட்டி எடுக்கலாம். பக்கத்தில துணை உள்ள கெலக்ஸிகள்ல நட்சத்திரம் பிறக்கிறது கூடுதா, தனிய இருக்கிறதோட ஒப்பிட்டா எப்பிடி, இப்பிடியான கேள்விக்கு இதவிட நல்லது இல்ல. ஆனா 13.8 பில்லியன் வருஷத்துக்கு 100 ஸ்னப்ஷொட்தான், சராசரியா 14 கோடி வருஷத்துக்கு ஒண்டு. மேல பாத்த நம்மட உதாரணத்தில 10 கிலோபார்செக்ல ஒரு சுத்தே 30 கோடி வருஷம், அப்ப ஒரு சந்திப்பின்ட முக்கியமான கட்டம் ரெண்டு மூண்டு படத்திலேயே முடிஞ்சிரும். வால் எப்பிடி வளருது எண்டு பாக்கிற ஆளுக்கு அது சரிவராது.

ப்ரவுசர் ஆப், கேம் இதுகளுக்கு நீளமாச் சொல்ல ஒண்டும் இல்ல. பழைய ஜாவா அப்லெட்டுகள் இப்ப ப்ரவுசர்ல ஓடாது, காசு குடுத்து வாங்கிற சொஃப்ட்வெயார் வடிவா இருக்கும், ஆனா உள்ளுக்க என்ன கணக்கு ஓடுது எண்டு உங்களால மாத்தவும் ஏலாது நம்பர் எடுக்கவும் கஸ்டம். ஒன்பதாம் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆசை வரவைக்கிறதுக்கு அது காணும், அந்த ஆசையும் பெரிய விசயம்தான்.

இப்ப ஜோடியத் தெரிவு செய்யிற கதை. எலிகள் எண்டு சொல்லுற என்ஜிசி 4676, அன்டெனா எண்டு சொல்லுற என்ஜிசி 4038-உம் 4039-உம், எம் 51, இதுகள் டூம்ரே சகோதரர்களே செய்து காட்டினது, ரெஸ்ட்ரிக்டட் கோடுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி, ஒப்பிடுறதுக்கு அவங்கட படங்களும் இருக்கு. முதல் ப்ராஜெக்ட் எண்டா நான் எலிகளைத்தான் சொல்லுவன், ரெண்டு வாலும் துலக்கமா இருக்கு.

மெகல்லன் முகில்ல இருக்கிற சிக்கல் எண்டு சொன்னன் இல்லையா, அது இதுதான். 2006ல ஹபிள் வெச்சி அளந்த வேகம் நினைச்சதவிடக் கூட வந்தது, அதுக்குப் பிறகு இந்த ஜோடி பால்வீதிக்கு இப்பதான் முதல் தரம் வருது எண்ட கருத்து 2007ல இருந்து பலமாச்சு. பெரிய முகில்ட திணிவையும் இப்ப 10¹¹ சூரியனுக்கு மேல எண்டு கணக்கெடுக்கிறாங்க, அந்தளவு கனம் எண்டா அது பால்வீதியையே ஆட்டும், பால்வீதிய ஆணி அடிச்ச மாதிரி நிப்பாட்டி வெச்சா பாதை பிழைச்சிரும். அதோட அந்த நீள ஓடை வாயுவால ஆனது, பால்வீதியின்ட சூடான வாயுவில உரசுறதும் கணக்கில வரணும், திணிவில்லாத பார்ட்டிக்கிளுக்கு அது தெரியாது. ரெண்டு முகிலுக்கும் நடுவில போற பாலத்த மட்டும் எடுத்தா ரெஸ்ட்ரிக்டட்ல செய்யலாம், ரெண்டு முகிலும் பால்வீதியும் எண்டு மூண்டு நடு வெச்சி, மூண்டும் ஒண்ட ஒண்டு இழுக்கிற மாதிரி. ஓடைய எடுக்க வேணாம், அது பிஎச்டி வேலை.

பால்வீதியும் அன்ட்ரொமீடாவும் மோதுறதச் செய்யப் போறம் எண்டு வாற ஆக்கள் கூட. 2012ல ஹபிள் அளவுகள வெச்சி இன்னும் 400 கோடி வருஷத்தில மோதும் எண்டு சொன்னாங்க, 2025 ஜூன்ல சவாலா குழு வெளியிட்ட பேப்பர் மெகல்லன் முகிலையும் அன்ட்ரொமீடாவுக்குப் பக்கத்தில இருக்கிற எம் 33 எண்ட கெலக்ஸியையும் சேத்து, அளவுகள்ல இருக்கிற சந்தேகத்தையும் சேத்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்து, அடுத்த 1000 கோடி வருஷத்துக்குள்ள சேர வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி எண்டு சொல்லுது. எம் 33 அந்த வாய்ப்பக் கூட்டுது, மெகல்லன் முகில் குறைக்குது. இத ஒரே ஒரு அழகான என்-பொடி ரன்னால கண்டுபிடிக்கவே ஏலாது. அவங்களும் கெலக்ஸிகள்ட பாதைய மட்டும் கணக்கிட்டு, உராய்வுக்கு ஃபோர்முலா போட்டு, ஆயிரக்கணக்கில ஓட்டித்தான் இந்த முடிவுக்கு வந்தாங்க. உங்கட லெப்டொப்பிலயும் அது நடக்கும். கேல்பையில சந்திரசேகர் உராய்வு ரெடியா இருக்கு.

அப்ப நான் சொல்லுறது, நாலு மாசம் இருந்தா முதல் மூண்டு மாசத்த சொந்தக் கோடுக்குக் குடுங்க, கடைசி மாசம் கெட்ஜெட் உதாரணத்த ஒருக்கா ஓட்டி உங்கட கோட்ல வந்த முதல் சந்திப்போட பக்கத்தில வெச்சிக் காட்டுங்க, எந்த இடத்தில இருந்து ரெண்டும் பிரிஞ்சி போகுது எண்டு ஒரு சாப்டர். கெட்ஜெட்டோட தொடங்கிறது, ஏற்கனவே லினக்ஸ்ல கைபழகின பிள்ளைக்கும், ஹேலோவும் உராய்வும்தான் தன்ட கேள்வி எண்டு தெளிவா இருக்கிற பிள்ளைக்கும் மட்டும்.

தொடங்கிற ஆக்கள் முதல்ல ஒரு கெலக்ஸிய மட்டும் தனிய வெச்சி ஓட்டுங்க. இடத்தையும் வேகத்தையும் மாறி மாறி நகத்துற லீப்ஃப்ரொக் முறை, ஸ்டெப் 0.001 நேர அலகு, அது 10 லட்சம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய, 5 கிலோபார்செக் வட்டத்துக்கு ஒரு சுத்துக்கு 107 ஸ்டெப் போல வரும். 3,000 ஸ்டெப் போனாப் பிறகும் வட்டம் வட்டமாவே கிடக்கணும், ஒவ்வொரு பார்ட்டிக்கிளின்ட சக்தியும் மாறாம இருக்கணும். மாறினா மற்றக் கெலக்ஸிய உள்ள விடாதீங்க, முதல்ல கோடத் திருத்துங்க. அது சரிவந்தா டிஸ்க்க பாதையோட ஒரே திசையில சுத்துற 0 பாகையில இருந்து எதிர்த்திசையில சுத்துற 180 பாகை வரைக்கும் 15 பாகை 15 பாகையாச் சாய்ச்சி 13 ரன் ஓட்டுங்க, ஒவ்வொண்டிலயும் ஆரம்ப டிஸ்க் ஆரத்தைப் போல ரெண்டு மடங்குக்கு வெளிய போன பார்ட்டிக்கிள் எத்தின வீதம் எண்டு எண்ணி ஒரு கிராஃப் போடுங்க, வட்டத்துக்கு ஒரு கோடு. ப்ரொபோசல்ல இந்தக் கிராஃப்ட ரெண்டு அச்சையும் பேரோட கீறி வெச்சிட்டுத்தான் சுப்பவைசரிட்டப் போகணும்.